கணினி கேட்காத ஒரு கேள்வி

போன மாதம் எங்கள் பழைய எக்ஸ்ரே பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். "மேடம், இங்க கடைசியில ஒரு ரூம் இருக்கு. கதவுல கறுப்புத் துணி தொங்குது. உள்ள பாத்தா ஒண்ணுமே இல்ல. அது எதுக்கு மேடம்?" என்று கேட்டாள். அது இருட்டறை, அங்கேதான் நாங்கள் படம் கழுவினோம் என்றேன். "படத்தக் கழுவுவீங்களா?" என்று சிரித்தாள். பிறகு, அந்தக் காலத்தில் எப்படி வேலை நடந்தது, கம்ப்யூட்டர் வந்தபோது என்ன ஆனது என்று எழுதித் தரும்படி கேட்டாள். இயந்திரங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஆனால் நினைவுக்கு வந்தவை எல்லாம் கைகளாக இருந்தன. முக்கியமாக ஒரு பெண்ணின் கைகள்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொந்த ஊர் சிதம்பரம். பி.யூ.சி. முடித்து, சென்னையில் எக்ஸ்ரே படிப்பு படித்து, ஊருக்கே திரும்பி ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கேயே வேலை பார்த்து 2012-இல் அங்கேயே ஓய்வு பெற்றேன். நடுவில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். எல்லாருக்கும் நடப்பதுதான்.

2004-இல் டாக்டர் சபாநாயகம் எங்களிடம் வந்தார். மூட்டு நோய்க்கென்றே தனியாகப் படித்தவர். அவர் வரும்வரை கைகால் வலி என்று வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே வகை வலி மாத்திரைதான். முடக்குவாதத்தை அவர்தான் தனியாகப் பிரித்தெடுத்தார். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதைச் சரவாங்கி என்பார்கள். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளை எதிரி என்று நினைத்து அரிக்க ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் நல்ல வயதில் வரும். காலையில் எழுந்தால் கை மடங்காது. டம்ளரைப் பிடிக்க முடியாது, ஜாக்கெட் கொக்கியைப் போட முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். மதியம் பார்க்கிற மாமியாருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

டாக்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. மேசைமேல் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருப்பார். ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கைகளையும் நனைத்துத் துடைத்துக்கொள்வார். வீங்கிய மூட்டில் குளிர்ந்த கை பட்டால் சுரீர் என்று இழுக்கும் என்பதற்காக. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, வந்தவரின் கையைத் தன் உள்ளங்கையில் வாங்கி, விரல் விரலாக, மூட்டு மூட்டாக அழுத்திப் பார்ப்பார். அவர் கண் விரலில் இருக்காது, வந்தவரின் முகத்தில் இருக்கும். வாய் 'இல்லை' என்று சொன்னாலும் புருவம் சொல்லிவிடும் என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

அவருக்கு நான் எடுத்துக் கொடுத்தவை பெரும்பாலும் கைப் படங்கள். இரண்டு வகை. முதலாவது, இரண்டு கைகளையும் கவிழ்த்து, விரல்களைச் சற்று விரித்துப் பரப்பி வைப்பது. இரண்டாவது, கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோலக் கைகளைச் சாய்த்து ஏந்துவது. எலும்பின் ஓரத்தில் அரிப்பு தொடங்கியிருந்தால் இந்த இரண்டாவது படத்தில் முதலில் தெரியும். நோய் முற்றியவர்களின் விரல்கள் பரப்பினாலும் பரவாது. அழுத்தக் கூடாது. பஞ்சுத் துண்டுகளை அடியில் செருகி, அந்தக் கை தானாக எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வரவிட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்க வேண்டும். கைக்கு எடுக்கும் படத்துக்கு மூச்சைப் பிடிக்கத் தேவையே இல்லை. ஆனால் மூச்சைப் பிடிக்கும்போது அவர்கள் வலியை மறந்துவிடுவார்கள். அதனால் சொல்வேன்.

பிலிம் காலத்தில் அந்தப் படங்கள் வீட்டுக்குப் போகும். அடுத்த வருடம் திரும்பி வரும்போது அவை ஈரத்தில் ஒட்டியிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். போன வருடப் படம் இல்லாமல் இந்த வருடம் நோய் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று டாக்டரால் சொல்ல முடியாது. 2007-இல் டிஜிட்டல் இயந்திரம் வந்ததும் அவர் முதலில் சொன்ன வார்த்தை, "இனிமே யாரும் அவங்க கையத் தொலைக்க மாட்டாங்க." திரையில் போன வருடக் கையையும் இந்த வருடக் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிதாக்கி, இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பார். நோயாளிக்கும் திரையைத் திருப்பிக் காட்டுவார். எனக்குக் கம்ப்யூட்டர் பயம் இருந்தது. ஒரு மாதத்தில் போய்விட்டது. அதன் பிறகு அவருடைய ஆராய்ச்சிக்கான கம்ப்யூட்டரையும் நானே பார்த்துக்கொண்டேன். வாரம் ஒரு நாள் அவர் கடலூரில் கிளினிக் நடத்துவார். அங்கேயும் கூடப் போவேன்.

2009-இல் அவர் ஒரு புது யோசனை கொண்டுவந்தார். நோயாளிகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், அன்று காலை எப்படி இருந்ததோ அதைத்தான் சொல்வார்கள். நடுவில் நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. அதனால் தினமும் காலையில் கை இளக எத்தனை நிமிடம் ஆனது என்று செல்போனில் ஒரு எண் மட்டும் அனுப்பச் சொன்னார். எங்கள் கம்ப்யூட்டரில் சொருகியிருந்த ஒரு சிம் அதை வாங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வரைந்துகொண்டே போகும். கோடு ஏறினால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் போன் செய்து மருந்தை மாற்றலாம். இப்படிச் செய்தால் எலும்பு அரிப்பு குறைகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. கிள்ளையிலிருந்து, முதுநகரிலிருந்து, பெண்ணாடத்திலிருந்து எல்லாம் விடிந்ததும் எண்கள் வரும். நாற்பத்தைந்து. அறுபது. இருபது. ஒரு நாள் ஒருவர் 'இன்று பூஜ்யம் ஐயா' என்று எழுத்தாகவே அனுப்பினார். டாக்டர் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார்.

அந்த ஆராய்ச்சியில் இருந்தவள்தான் செலின்.

அவளுக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். கடலூர் முதுநகரில், ரயில் ஜங்ஷன் பக்கத்தில், ஒரு டைப்பிங் கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், கோர்ட்டு மனு எல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்துக் கொடுப்பாள். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பவள். கணவன் அந்தோணி துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. ஆராய்ச்சிக்கு முந்தைய வருடம் அவள் முதல் முறை வந்தபோது டாக்டர் அவள் விரல்களை அழுத்திப் பார்க்க, வலி தாங்காமல் அவள் சிரித்தாள். சிலர் அப்படி. அழுகைக்குப் பதில் சிரிப்பு வரும்.

வாரம் ஒருமுறை சாப்பிடும் ஒரு மாத்திரையை டாக்டர் எழுதினார். இந்த நோய்க்கு அதுதான் முதுகெலும்பு. அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, பிள்ளைக்கு ஊனம் வரலாம். அதை எல்லாப் பெண்களிடமும் சொல்வதுபோல அவளிடமும் சொன்னார். அவள் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். ஒரு வருடத்தில் கைகள் நன்றாகவே இளகின.

2009 தீபாவளி கழிந்து அவள் கோடு ஏறத் தொடங்கியது. மார்கழியில் மிகவும் ஏறிவிட்டது. டாக்டர் சொல்லி நான்தான் போன் செய்தேன்.

"செலின், மாத்திரைய ரெண்டு ஜாஸ்தி பண்ணச் சொல்றார் சார்."

"சரிக்கா."

"ரொம்ப முடியலயா?"

"பனி ஜாஸ்தியா இருக்குல்லக்கா. அதான்."

பங்குனியில் கோடு இறங்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு வழுக்கிக்கொண்டு. சித்திரையில் பத்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று வந்தது. டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். தஞ்சாவூரில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடக்கவிருந்தது. அதில் காட்டுவதற்கு செலினின் கோட்டைத்தான் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். ஏறியதும் போன் செய்தோம், மருந்தைக் கூட்டினோம், இறங்கிவிட்டது. அவருடைய யோசனை பலித்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

வைகாசியில் அவளுக்கு வருடாந்திரப் படம் எடுக்கும் முறை. சிதம்பரத்துக்கு வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. கண்ணாடி வளையல்கள் போட்டிருந்தாள். முன்பெல்லாம் வளையல் கை முட்டியைத் தாண்டாது என்று போடமாட்டாள். கழற்றச் சொன்னேன், வலியில்லாமல் கழற்றினாள்.

படம் எடுக்க வரும் பெண்களிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கைப் படம் என்றாலும் கேட்போம். நான் படம் பதியும் கேசட் தட்டை மேசையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"தலைக்குக் குளிச்சது எப்போம்மா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"நாள் தள்ளிப் போயிருக்கா?"

"மூணு மாசம்க்கா."

இயந்திரத்தை அணைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். எனக்கு அப்போது மனதில் ஓடியதெல்லாம் அந்த மாத்திரைதான். கூட்டச் சொல்லிப் போன் செய்த என் குரல் எனக்கே கேட்டது.

"மாத்திரைய எப்ப நிறுத்தினே?"

"தீபாவளிக்கே நிறுத்திட்டேன். நீங்க போன் பண்ணப்போ சரின்னுதான் சொன்னேன், சாப்பிடல. நிறுத்தி மூணு மாசம் காத்திருக்கணும்னு கடையில நெட்டுல படிச்சேன்க்கா. அதையும் தாண்டித்தான்..." என்று நிறுத்தினாள். "அந்த மூணு மாசம் எப்படிப் போச்சுன்னு மாதாவுக்குத்தான் தெரியும். அவருதான் எனக்குத் தலை சீவி விட்டாரு."

"சார்கிட்ட சொன்னியா?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீங்கக்கா. கலைக்கச் சொல்லிடுவாரு."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

டாக்டர் வழக்கம்போல வெந்நீரில் கை நனைத்துத் துடைத்துக்கொண்டு அவள் கையை வாங்கினார். மூட்டு மூட்டாக அழுத்தினார். அவள் முகத்தில் வலி இல்லை. பிரமாதம் என்றார். அவர் கையிலிருந்து கையை எடுக்காமலே அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு கம்ப்யூட்டரில் அவள் கோட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு இந்த நோய் தானாகவே அடங்கிவிடும். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். என் பக்கம் திரும்பினார்.

"வசந்தா, இது நம்ம மாத்திரை இல்ல. குழந்தை."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் செலின் அழுதாள்.

"கலைக்க நான் ஏம்மா சொல்றேன்? மருந்து உடம்பவிட்டுப் போற வரைக்கும் காத்திருந்திருக்க. நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா ஸ்கேன் ஒழுங்கா பாக்கணும். இன்னொண்ணு, இப்பவே சொல்லிடறேன். பிரசவம் ஆனப்புறம் நோய் திரும்பி வரும். இதைவிட வேகமா வரலாம். அதுக்குத் தயாரா இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. மருந்தை நானே மாத்திக் கொடுத்திருப்பேனே. அந்த மூணு மாசம் நீ அவ்வளவு வலியத் தாங்கியிருக்க வேண்டாமே" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை.

"நீங்க கேக்கல சார். எத்தனை மூட்டு வலிக்குது, எத்தனை நிமிஷம் இறுகுது, தூக்கம் வருதான்னு எல்லாம் கேட்டீங்க. பிள்ளை கூடாதுன்னு சொன்னீங்க. பிள்ளை வேணுமான்னு கேக்கல."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

ஐந்தாவது மாதம் விவரமான ஸ்கேன். அந்தோணிக்குக் கடலில் நின்றுபோன ஒரு படகு. வர முடியவில்லை. நான் கூட உட்கார்ந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் அம்மா தலை, முதுகெலும்பு, இருதயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் செலின் என் விரலை அழுத்தினாள். கடைசியில் திரையில் ஒரு கை வந்தது. மூடியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாக, வெள்ளையாக.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் பார்த்தவை எல்லாம் தேய்ந்த மூட்டுகள், ஒட்டிப்போன மணிக்கட்டுகள், ஒரு பக்கம் சாய்ந்த விரல்கள். இன்னும் எதையும் பிடிக்காத ஒரு கையை அன்றுதான் பார்த்தேன். "நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டர் அம்மா. செலின் வலி வந்தால் சிரிப்பதுபோலச் சிரித்தாள்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. எந்தக் குறையும் இல்லை. மெர்சி என்று பெயர் வைத்தார்கள்.

டாக்டர் சொன்னபடியே நோய் திரும்பி வந்தது. குழந்தை பிறந்து இரண்டாவது மாதம் அவள் அனுப்பிய எண்கள் நூற்றைத் தாண்டின. பிறகு ஒரு நாள் எண் வரவில்லை. அந்தோணியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'மேடம் இன்னைக்கு நாள் பூரா.' அந்த வாரக் கடலூர் கிளினிக் முடிந்ததும் நான் ஆட்டோ பிடித்து முதுநகருக்குப் போனேன்.

செலின் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமான்போல மடியில் கிடந்தன. குழந்தை பக்கத்தில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தோணி கிரீஸ் போகக் கை கழுவிவிட்டு வந்து குழந்தையை எடுத்து அவள் மார்பில் பொருத்திப் பிடித்துக்கொண்டான். பால் குடித்து முடிக்கிறவரை அவன் முட்டி போட்டபடியே இருந்தான். பிறகுதான் டீ போடப் போனான்.

"புட்டிப்பாலுக்கு மாத்திட்டு அந்தப் பழைய மாத்திரையவே போட்டுக்கறேன்னு சொன்னேன்க்கா. இவரு கேக்க மாட்டேங்கறாரு" என்றாள்.

உள்ளிருந்து அந்தோணி குரல் கொடுத்தான். "அவ ஆசப்பட்டதே இதுக்குத்தான் மேடம். ரெண்டு மாசம் நான் புடிச்சிக்கறேன். எனக்கு இன்னா வேலை?"

டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். பால் கொடுப்பவளுக்கு ஆகாததைத் தள்ளி, ஆகிற மருந்துகளை மட்டும் சேர்த்துச் சொன்னார். நான் அவள் ஊர் மருந்துக் கடைக்குப் படித்துக் காட்டினேன். திரும்பி வந்தபோது மெர்சி தூக்கத்தில் அம்மாவின் வீங்கிய ஆள்காட்டி விரலைப் பிடித்திருந்தாள். பச்சைக் குழந்தையின் பிடி இறுக்கமாக இருக்கும்.

"வலிக்கலயா?" என்றேன்.

"வலிக்குதுக்கா. இருக்கட்டும்."

மருந்து பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி, குழந்தையின் பாரம் தோளிலும் முழங்கையிலும் விழும்படி, விரல்களுக்கு வேலையே இல்லாமல் தூக்கிக்கொண்டாள். அடுத்த முறை கிளினிக்குக்கு அப்படித்தான் வந்தாள். காத்திருந்த பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருத்தி முடிச்சு எங்கே என்று கேட்டாள். செலின் அவிழ்த்துக் கட்டிக் காட்டினாள்.

பால் மறந்த பிறகு பழைய மாத்திரைக்கே திரும்பினாள். அந்த வருடப் படத்தைப் பழைய படத்தோடு டாக்டர் திரையில் வைத்துக் காட்டினார். வலது கையில், நடுவிரல் அடி மூட்டின் ஓரத்தில், சிறிதாக ஒரு கடி விழுந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"இது புதுசும்மா. மருந்து இல்லாத நாள்ல வந்தது. இது இனிமே சரியாகாது. மறைக்காம சொல்றேன்."

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இவ்ளோதானா சார்?" என்று மெர்சியை மேலே நகர்த்திக்கொண்டாள். "இத இவளுக்குக் குடுத்ததுன்னு வச்சிக்கறேன்."

ஆராய்ச்சியிலிருந்து அவளை எடுக்க வேண்டியிருந்தது. மருந்தை நிறுத்தியவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. தஞ்சாவூர்க் கூட்டத்திலும் அவள் கோட்டை அவர் காட்டவில்லை. அதை அவளிடமே சொன்னார். அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"அப்ப நான் அனுப்புன நம்பரெல்லாம் வீணா சார்?"

"ஆராய்ச்சிக்கு ஆகாது. எனக்கு ஆச்சு" என்றார்.

மறுநாள் அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்த இன்ஜினியரை வரவழைத்தார். நோயாளியின் பக்கத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்றார். பக்கம் நிறைந்துவிட்டது, கீழே ஒரு மூலையில் வேண்டுமானால் போடலாம் என்றார் இன்ஜினியர்.

"மூலையில வேணாம். மூட்டு எண்ணிக்கைக்கு மேல போடுங்க."

"எண்ணா சார், எழுத்தா?"

"எழுத்து. எடம் நெறைய விடுங்க."

'குழந்தை வேண்டுமா? எப்போது?' கேள்வி இவ்வளவுதான். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்யச் சொன்னார். மருந்து எழுதுவதற்கு முன் அவரும் அதைக் கேட்டாக வேண்டும் என்பதற்காக.

2011 கடைசியில் புயல் அடித்தது. கடலூரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரம் என்று ஒன்று நிற்கவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. காலையில் வரும் எண்கள் நின்றுபோயின. சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது, கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் அறுந்து நின்றன. டாக்டர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். டவர்கள் உயிர் பெற்றதும் எல்லாம் ஒரே நாளில் வந்து கொட்டின. ஆனால் வெறும் எண்கள் இல்லை. 'கூரை போச்சு சார், 90.' 'முந்திரித் தோப்பு மொத்தமும் சாஞ்சிடிச்சு, 60, மாத்திரை நனைஞ்சிட்டது.' 'உயிரோட இருக்கோம், 120.' கம்ப்யூட்டருக்கு எழுத்தைப் படிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் பிழை என்று ஒதுக்கிவிட்டது. டாக்டரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்து, எண்ணை மட்டும் எடுத்துக் கையால் ஏற்றினோம். மாத்திரை நனைந்தவர்களுக்கு மறுநாளே வண்டியில் மருந்து போயிற்று. செலினிடமிருந்து வந்தது இதுதான்: 'கடை ஷட்டர் பறந்துடிச்சு. மெர்சி நடக்கறா. 15.' அவள் ஆராய்ச்சியில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அனுப்பினாள். டாக்டர் அவளுக்கென்று தனியாக ஒரு கோடு திறக்கச் சொன்னார்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் கடலூர் கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

பெண்ணாடத்திலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். கரும்பு விவசாயக் குடும்பம். பெண் அப்போதுதான் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். பெயர் கவிதா. ரத்தப் பரிசோதனை, படம் எல்லாம் பார்த்து, முடக்குவாதம்தான் என்று உறுதியாகிவிட்டது. உள்ளே போவதற்கு முன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், கம்ப்யூட்டர்ல பேரு ஏத்தாதீங்க. வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் பொண்ணு கேட்டு வரமாட்டான். சரவாங்கிக்காரிக்குப் புள்ள பொறக்காதுன்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க."

அது கடவுச்சொல் போட்டுப் பூட்டியது, நாங்கள் இருவரைத் தவிர யாரும் பார்க்க முடியாது என்று சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. கவிதா கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்தது.

டாக்டர் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கை நனைத்தார். துடைத்துக்கொண்டார். நாற்காலியை முன்னால் இழுத்தார். நான் கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தேன்.

"உனக்குக் குழந்தை வேணுமாம்மா?"

அம்மா பதறிப்போனார். "சார், அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

"தெரியும்மா. அதனாலதான் இப்பவே கேக்கறேன். எந்த மருந்து, எவ்வளவு நாள், எப்ப நிறுத்தணும்னு எல்லாம் அதுக்குத் தக்கபடி நான் யோசிக்கணும் இல்லையா?"

கவிதா தலையை நிமிர்த்தினாள். "அப்ப... பொறக்குமா சார்?"

"ஏன் பொறக்காது? என்கிட்ட சொல்லிட்டுப் பெத்துக்கணும், அவ்ளோதான். உனக்கு என்ன ஆசை, சொல்லு. இவங்க எழுதிக்குவாங்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கை மெல்ல வெளியே வந்தது. முட்டிகள் சிவந்து வீங்கியிருந்தன. விரல்கள் முழுதாக நிமிரவில்லை. நிமிர்ந்தவரைக்கும் இரண்டை நீட்டினாள்.

"ரெண்டு சார்."